சுவர் இல்லாத இடத்தில் ஒரு பீம்

இந்த ஒரு நாளைச் சொல்லும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் தயக்கம். எது முன்னால், எது பின்னால் என்பதில் நினைவு புரள்கிறது. அவள் அறைக்குள் வந்ததும் தம்பி சட்டென்று திரையை மாற்றியது முந்தின நாள் சாயங்காலமா, அன்று காலையா? அவளைக் கேட்டால் ஒன்று சொல்கிறாள். தம்பியைக் கேட்டால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்கிறான். நான் சொல்வதில் முன்னே பின்னே இருக்கலாம்.

பீம் விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை அவள் பார்த்தது அன்று காலை, முதல் தேநீர் ஆறிக்கொண்டிருந்தபோது.

போன வாரம் அவளை மாடிப்படியின் நடுவில் நிறுத்திவிட்டு வந்தோம். கீழே அலுவலகத்தில் தம்பி யாரிடமோ போனில், "அக்காவுக்கு இப்ப தெரிய வேண்டாம்," என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அந்த ஒரு வாக்கியத்தோடுதான் படுத்தாள், அதோடுதான் எழுந்தாள்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. மாடியில் வீடு, கீழே அலுவலகம். அப்பா ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்தவர். இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் மாடியை விட்டு இறங்குவதில்லை. கீழே மூன்று மேஜைகள். அவள் கட்டடத்தை வரைகிறாள்: சுவர், கதவு, ஜன்னல். தம்பி அதைத் தாங்குகிற தூணும், குறுக்கே ஓடுகிற கான்கிரீட் பீமும் போடுகிறான். அவள் வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் வேலையைப் பார்க்கிறார். அப்பா பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டு வெகுகாலம் ஆகிறது. மகள் சுவர், மகன் தூண். மாப்பிள்ளையை நேரில் மாப்பிள்ளை என்பார். அவர் இறங்கிப் போனதும் குழாய் என்பார். மாப்பிள்ளைக்கும் இது தெரியும்.

எத்தனையோ பேருக்கு வரைந்தவர்கள் இப்போது தங்களுக்கே வரைந்துகொண்டிருந்தார்கள். இந்தப் பழைய வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் புது வீடு. படம் அன்று சாயங்காலம் அனுமதிக்குப் போக வேண்டும். கையெழுத்துப் போடுகிற உரிமம் அவளுக்குத்தான்.

*

அவள் கடைசியாக ஒரு முறை தரைத்தளத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாலுக்கு வந்ததும் கை நின்றது.

ஹாலின் தரைக்கு அடியில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் குறுக்கே ஒரு பீம் ஓடியது. தரைக்கு அடியில் பீம் போடுவது எதற்காக என்று வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதன்மேல் ஒரு சுவர் உட்காரும். ஆனால் இந்த பீமின் மேல் எதுவும் இல்லை. ஹால் வெறிச்சென்று, அப்பா கேட்ட மாதிரி, ஒரே வெளியாகக் கிடந்தது.

வீட்டுக்காரர் அவள் தேநீரை எடுத்துச் சூடுபண்ணிக் கொண்டுவந்து வைத்தார். அவள் திரையைக் காட்டி, இது என்ன என்று கேட்டாள். அவர் குனிந்து பார்த்தார். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்தார் என்று அவளுக்குப் பிற்பாடுதான் தோன்றியது.

"பீம்னா அது உன் தம்பி இலாகா. என்னைக் கேட்டா?" என்று சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குப் போனார்.

தம்பி வந்ததும் அவனைக் கேட்டாள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்து, அதன் பட்டையைச் சரிசெய்து, பிறகு பதில் சொன்னான். மண் கொஞ்சம் நெகிழ்வாக இருக்கிறதாம். தூண்களை ஒன்றோடொன்று கட்டி வைத்தால் நல்லதாம்.

பின்பக்கம் மண்ணைப் பார்க்கக் குழி தோண்டியபோது மூவரும்தான் நின்றார்கள். கடப்பாரை பாறையில் பட்டதுபோல எகிறியது. தோண்டுகிறவர் கையை உதறிக்கொண்டு, "இது மண்ணா, உங்கப்பாவா?" என்று கேட்டார். தம்பிதான் விழுந்து விழுந்து சிரித்தான்.

அந்தச் சிரிப்பை மறந்துவிட்டா இப்போது நெகிழ்வான மண் என்கிறான்?

தம்பி அப்பாவைப் பார்க்க மாடிக்குப் போனான். மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அப்பாவின் குரல், பிறகு ஒன்றுமில்லை. அவள் அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

*

இந்த இடத்தில் அவர்கள் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

மூவருக்கும் கணினியில் தனித்தனிக் கோப்பு. அவள் கோப்புதான் வீடு. மற்ற இரண்டும் அதோடு இணைக்கப்பட்டிருக்கும்; லிங்க் என்பார்கள். தம்பி அங்கே ஒரு தூணை நகர்த்தினால் இங்கே அவள் படத்திலும் நகரும். ஆனால் இணைத்த படத்தில் எதெது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்கு இரண்டு வழி உண்டு. 'லிங்க்டு வியூ' என்று வைத்தால், அந்தப் படத்தை வரைந்தவர் எதைக் காட்டுகிறாரோ அது மட்டும் தெரியும். அவர் மூடி வைத்தது மூடியே இருக்கும். 'ஹோஸ்ட் வியூ' என்று மாற்றினால் பார்க்கிறவர் வைத்ததுதான் சட்டம். அவர் எதைத் திறந்து வைத்திருக்கிறாரோ அதெல்லாம் வந்து நிற்கும்.

இந்த வீட்டில் எப்போதும் முதல் வழிதான். அவரவர் படம் அவரவர் காட்டுகிறபடி. இதற்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. முன்பு ஒரு வேலையில் தம்பியின் தூண்கள் தன் படத்தின் அழகைக் கெடுக்கின்றன என்று அவள் அவற்றை மங்கலாக்கி அச்சுப்போட்டு அனுப்பிவிட்டாள். கட்டுகிற இடத்தில் ஒரு தூணைக் கவனிக்காமல் அதே இடத்தில் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். தம்பி பல நாள் அவளோடு பேசவில்லை. அப்பா இரண்டு பேரையும் கூப்பிட்டு, இனிமேல் ஒருத்தர் படத்தை இன்னொருத்தர் தொடக் கூடாது, எப்படிக் காட்டுகிறார்களோ அப்படியே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்த அமைப்பை மாற்றுவது என்பது இந்த வீட்டில் அடுத்தவர் பீரோவைத் திறப்பதற்குச் சமம்.

அவள் திரையில் அந்த அமைப்புப் பெட்டியைத் திறந்தாள். தம்பியின் கோப்புக்கு நேரே 'லிங்க்டு வியூ' என்று இருந்தது. கை அங்கே போய்த் திரும்பி வந்தது. மேலே நாற்காலி மறுபடி இழுபட்டது. அவள் மாற்றிவிட்டாள்.

திரை ஒரு நொடி வெளுத்தது. பிறகு ஹாலின் நடுவில் ஒரு சுவர் நின்றது.

பீமின் மேல் அச்சு அசலாக உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் மூன்றில் இரண்டு பங்கு ஹால், அந்தப் பக்கம் ஒரு பங்கு. அந்த ஒரு பங்குக்குத் தெருவைப் பார்த்துத் தனியாக ஒரு கதவு. கதவைத் தாண்டி, ஓரத்தில், மேடையும் பாத்திரம் கழுவுகிற தொட்டியுமாக ஒரு சின்ன சமையலறை.

இரண்டாவது அடுப்பு.

மவுஸை அந்தச் சுவரின் மேல் வைத்தாள். தம்பியின் படம் முழுவதும் நீலமாக ஒளிர்ந்தது. கீழே ஓரத்தில் அவன் கோப்பின் பெயர் வந்தது. அது போதும் என்று கையை எடுத்துவிட்டாள்.

சந்தேகத்துக்கு ஒரு குணம் உண்டு. அது தனக்கு வேண்டியதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். போன மாதம் அவன் மின்சார மீட்டர் இரண்டு வாங்க முடியுமா என்று விசாரித்தது நினைவுக்கு வந்தது. தெருப்பக்கம் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. பெண் பார்க்கலாமா என்று அப்பா கேட்டபோது, "வீடு முடியட்டும்" என்றானே, அதுகூட இப்போது வேறு அர்த்தத்தோடு வந்து உட்கார்ந்தது. தனிக்குடித்தனம் போகிறவன் வாயால் சொல்லிவிட்டுப் போகலாம். இவன் அக்காவின் கையெழுத்தாலேயே போகப் பார்க்கிறான். சுவர் படத்தில் தெரியாது, அனுமதி கிடைத்துவிடும். தரைக்கு அடியில் பீமை ஒரு முறை போட்டுவிட்டால் சுவரை என்றைக்கு வேண்டுமானாலும் எழுப்பிக்கொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அப்பாவின் நாற்காலிக்கு அவள் ஹாலில் ஓர் இடம் குறித்து வைத்திருந்தாள், வெளிச்சம் விழுகிற ஜன்னல் பக்கம். சுவர் அந்த ஜன்னலை அந்தப் பக்கத்துக்குக் கொடுத்திருந்தது.

*

அச்சுப்பொறி இருக்கிற சின்ன அறையில்தான் அவனைப் பிடித்தாள். பெரிய தாள் மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தது. அவன் அதன் நுனியைத் தாங்கியபடி நின்றான்.

"உன் படத்தத் திறந்து பாத்தேன்," என்றாள்.

அவன் திரும்பவில்லை. தாள் இன்னும் கொஞ்சம் வந்தது.

"அத ஏன் திறந்த?"

"அத ஏன் மூடின?"

தாள் வந்து முடிகிற வரைக்கும் இருவரும் அப்படியே நின்றார்கள். இயந்திரம் தாளை வெட்டிப் போட்ட பிறகு அறை இன்னும் சின்னதாகிவிட்டது.

அவள் அதிகம் பேசவில்லை. பேசிய கொஞ்சமும் நன்றாக இல்லை. தனியாகப் போக ஆசை இருந்தால் கேட்டிருக்கலாமே என்றாள். அப்பாவின் நாற்காலியை எங்கே போடப் போகிறாய், உன் பக்கமா, என் பக்கமா என்று கேட்டாள். வாசலில் நின்று அளந்தது எல்லாம் எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா என்றாள்.

அவன் பார்வை ஒரு முறை கதவைத் தாண்டிப் போய்விட்டு வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டுக்காரரின் மேஜை. அவர் விசைப்பலகையைத் தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. அதை அவள் கவனித்தாளா இல்லையா என்பதும் எனக்கு நிச்சயமில்லை.

"சுவரத்தான்க்கா மறைக்க முடியும்," என்றான். "பாரத்த மறைக்க முடியல. அந்த இடத்துல சுவர் வரும்னு தெரிஞ்சும் பீம் போடாம விட எனக்குக் கை வரல."

"அப்ப வரும்னு தெரியும்."

"தெரியும்."

அதை அவள் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டாள்.

"உன்ன நான் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சேன்டா," என்றாள்.

அவன் தாளை ஒழுங்காகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, அவள் கையில் கொடுத்தான். பிறகு வெளியே போனான். வண்டி கிளம்பவில்லை. திரும்பி வந்தான். யாரையும் பார்க்காமல் மேஜை மேலிருந்த ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு மறுபடி போனான். கோபித்துக்கொண்டு போகிறவன் இப்படி இரண்டு தடவை போவதைப் பார்த்து வேறு ஒரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

*

மதியம் மாடியில் மூவர்தான் சாப்பிட்டார்கள். அப்பா, தூண் எங்கே என்றார். வேலை நடக்கிற இடத்துக்குப் போயிருக்கிறான் என்றாள். அப்பா அதை நம்பின மாதிரியும் இருந்தது, நம்பாத மாதிரியும் இருந்தது. அவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று இப்போதெல்லாம் யாராலும் கண்டுபிடிக்க முடிவதில்லை.

"ஹால் நான் சொன்ன மாதிரியே இருக்குல்ல?" என்று கேட்டார்.

"இருக்குப்பா."

"ஒரே ஹால்."

"ஒரே ஹால்தான்ப்பா."

சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தாள். வீட்டுக்காரர் தண்ணீர் எடுத்தார். குடிக்காமல் வைத்தார்.

அப்பா சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, புது வீட்டில் மாப்பிள்ளைக்கு உட்கார ஒரு மூலை ஒதுக்கிவிடு, குழாய்ப் படம் போடத் தனியாக இடம் வேண்டாமா, என்றார். அன்பாகத்தான் சொன்னார். மாப்பிள்ளை சிரித்தார். கல்யாணமானதிலிருந்து இந்த வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளை அவர். அந்தச் சிரிப்பை அவள் நிறைய தடவை பார்த்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அன்றுதான் அதை உற்றுப் பார்த்தாள்.

தட்டைக் கழுவப் போனாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் தொட்டியில் விழுந்து, சுழன்று, ஓட்டை வழியாக இறங்கியது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

தொட்டி.

தம்பி எதற்காகத் தொட்டி வரைய வேண்டும்?

அவன் படத்தில் தூண் இருக்கும், பீம் இருக்கும், அஸ்திவாரம் இருக்கும். தொட்டி இருக்காது. தொட்டி எத்தனை அகலம், எத்தனை ஆழம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. தண்ணீர் என்றாலே கான்கிரீட்டில் ஊற்றுகிற சமாச்சாரம் என்று நினைக்கிற ஆள் என்று அவன் மாமாவே, அதாவது இவள் வீட்டுக்காரரே, அவனைக் கேலி செய்வார்.

குழாயை மூட மறந்துவிட்டு இறங்கினாள். பின்னாலேயே அப்பாவின் குரல் வந்தது, தண்ணி போவுது, தண்ணி போவுது என்று. யாரோ எழுந்து போய் மூடினார்கள்.

*

மவுஸை மறுபடியும் அந்தச் சுவரின் மேல் வைத்தாள். தம்பியின் படம் முழுவதும் நீலமாக ஒளிர்ந்தது. காலையில் இங்கேதான் நிறுத்தினாள். இப்போது, ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பதைப் பிரித்துக் காட்டுகிற டேப் விசையை ஒரு முறை தட்டினாள்.

நீலம் சுருங்கியது. தூண்களும் பீம்களும் அணைந்தன. சுவரும் கதவும் மேடையும் தொட்டியும், அவற்றுக்கு அடியில் ஓடுகிற குழாய்களும் மட்டும் மிஞ்சின. கீழே வந்த கோப்பின் பெயர் வேறு.

தம்பியின் படத்துக்குள் அவள் வீட்டுக்காரரின் படம் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எந்தக் குழாய் எந்த பீமை வெட்டுகிறது என்று பார்க்க அவன் எப்போதும் அவர் படத்தைத் தன் படத்துக்குள் இணைத்து வைத்துக்கொள்வான். ஆனால் அப்படி உள்ளே இருப்பது அவனோடு நின்றுவிடும். அவன் படத்தை வேறொருவர் இணைத்துப் பார்த்தால் கூட வராது. அப்படித்தான் அவன் வைப்பான். இந்தத் தடவை கூடவே வரும்படி யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். யார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. அவன் படம், அவன் மேஜை.

சொல்ல மாட்டேன் என்று யாருக்கோ வாக்குக் கொடுத்திருக்கிறான். சுவரை மறைத்தான். பீமைப் போட்டான். கதவைத் தாழ் போடாமல் சாத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். போனில் அவன் பேசியது யாரோடு என்பதும் அவளுக்கு இப்போது புரிந்தது. அதே நேரம் மாடியில், பால்கனியில், அவள் வீட்டுக்காரரும் போனைக் காதில் வைத்துக்கொண்டுதான் நின்றார். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர் போனில் பேசிக்கொள்வார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

தம்பியின் முகத்தையும் தான் சொன்ன வார்த்தைகளையும் நினைத்துப் பார்த்தாள். அவன் ஒரே ஒரு வாக்கியத்தில் தப்பித்திருக்கலாம். அதைச் சொல்லாமல் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனான்.

*

வீட்டுக்காரர் இறங்கி வந்தார். அவள் கூப்பிடவில்லை. அவரே வந்து அவள் மேஜையின் எதிரே, வீட்டுப் படம் கேட்டு வருகிறவர்கள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் சுவர் நின்றது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

அவர் மறுக்கவில்லை. அதற்காக அவள் கொஞ்சம் நன்றியோடுகூட இருந்தாள். அவளிடம் தானே சொல்லலாம் என்று இருந்தாராம். படம் இன்று போன பிறகு.

"போன பிறகா?"

"முன்னாடி சொன்னா அந்த பீம் படத்தோட போயிருக்காது."

அதையும் நேர்மையாகத்தான் சொன்னார். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாக, இடைவெளி விட்டு விட்டுப் பேசினார். தம்பியை ஒன்றும் சொல்ல வேண்டாம், அவன் முதலிலிருந்தே இது வேண்டாம் என்றுதான் சொன்னான், என் வற்புறுத்தலுக்காக வாயை மூடிக்கொண்டான் என்றார். அப்பா நல்லவர், எந்தக் குறையும் வைத்ததில்லை என்றார். பிறகு திரையில் இருந்த அந்தத் தனிக் கதவைப் பார்த்தார்.

"இந்த வீட்டுல நான் எந்தக் கதவையும் தட்டாம திறந்ததில்ல," என்றார். "ஒருத்தரும் தட்டச் சொல்லல. ஆனா தட்டிட்டுத்தான் திறக்கறேன். நமக்குன்னு ஒரு வாசல் இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு."

"நமக்குன்னா?"

"நமக்குன்னா நமக்குத்தான். நம்ம ரெண்டு பேருக்கும்."

அவள் கோபம் எங்கேயோ தளர்ந்தது. இத்தனை வருஷம் ஒரு மனிதர் பக்கத்திலேயே கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார், அது தன் காதில் விழவில்லையே என்று பட்டது. சுவரை ஒப்புக்கொள்ளப் போகிறோமா என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. அப்பாவின் ஜன்னலை வேறு இடத்துக்கு மாற்ற முடியுமா என்று மட்டும் மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது.

மாமாவிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்று எழுந்தார். மாமா என்றால் அவள் அப்பா. இன்றைக்கு வேண்டாம் என்றாள். அவர் சரி என்றார். மாடிக்குப் போகிறபோது அவள் தோளில் லேசாகக் கையை வைத்துவிட்டுப் போனார்.

*

அவள் தனியாகத் திரையின் முன்னால் இருந்தாள். வெயில் சாய்ந்து மேஜைக் கால்களைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தில் தங்கள் படுக்கை எங்கே வரும் என்று பார்க்கத் தோன்றியது. சந்தேகத்தால் இல்லை. அவர் எல்லாவற்றையும் யோசித்து வரைகிறவர். தலைமாடு எந்தப் பக்கம், ஜன்னல் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்திருப்பார். தரைத்தளப் படத்தில் அவள் சாமான்களை எப்போதும் மூடியே வைத்திருப்பாள், சுவர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. அமைப்புப் பெட்டியைத் திறந்து சாமான்கள் என்ற இடத்தில் ஒரு தட்டுத் தட்டினாள்.

ஹாலில் அவள் போட்டு வைத்த அப்பாவின் நாற்காலி வந்தது. சாப்பாட்டு மேஜை வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டில் வந்தது.

ஒற்றைக் கட்டில். சுவரை ஒட்டி, ஒரே ஒரு தலையணையோடு. பக்கத்தில் வேறொரு நாற்காலி.

மென்பொருளில் ஒற்றைக் கட்டிலும் இரட்டைக் கட்டிலும் பட்டியலில் அடுத்தடுத்துத்தான் இருக்கும். கை தவறி ஒன்றுக்கு மற்றதை எடுத்துவிடலாம். அவள் தம்பி என்றால் அப்படி எடுத்திருப்பான். ஆனால் இவர் குழாயின் வளைவைக்கூட ஒரு தடவைக்கு மூன்று தடவை அளந்து வைக்கிறவர்.

அவள் டேப் விசையைத் தட்டிப் பார்த்தாள். இந்தத் தடவையும் வீட்டுக்காரர் கோப்பின் பெயர்தான் வந்தது.

மேலே அவர் அப்பாவோடு ஏதோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். எழுந்து போய்க் கேட்கலாம். கேட்டால் அவர் ஒரு பதில் வைத்திருப்பார், அதுவும் நேர்மையாக இருக்கும் என்று அவளுக்குப் பட்டது. அதுதான் அவளை எழுந்திருக்க விடவில்லை.

படம் அன்று போகவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் வெறுமையாகவே இருந்தது. போயாச்சா என்று அப்பா மேலிருந்து கேட்டதற்கு, நாளைக்கு என்றாள். அவர் சரி என்று ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். தம்பி விளக்குப் போடுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தான். அவள், "சாப்பிட்டியா?" என்றாள். அவன் தலையாட்டினான். நீதான் மாமா படத்தைக் கூட வர விட்டாயா என்று கேட்டாள். கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத் தன் மேஜையில் உட்கார்ந்து வேறு யாருடைய படிக்கட்டையோ வரைய ஆரம்பித்தான். வீட்டுக்காரர் மூவருக்கும் தேநீர் கொண்டுவந்தார். உள்ளே வருவதற்கு முன் திறந்திருந்த கதவை ஒரு முறை தட்டினார்.

அவள் அதற்குள் எல்லாவற்றையும் பழையபடி மாற்றியிருந்தாள், அவரவர் படம் அவரவர் காட்டுகிறபடி. சாமான்களை மூடினாள். கட்டில் போயிற்று, தொட்டி போயிற்று, சுவரும் போயிற்று. ஹால் மறுபடி ஒரே ஹாலானது.

பீம் மட்டும் இருந்தது.